ஒரு தரம் அடித்தால் போகலாம்

போன் ஒரு தரம் அடித்து நின்றது. திரையில் சித்தியின் இலக்கம். கரவனுக்குள் ஏறிக் கதவைப் பூட்டிவிட்டேன், வண்டியை எடுக்கலாம் என்று அதற்குப் பொருள். பின்னால் கரவனைக் கொளுவியிருந்த காரின் சாவியை வர்சா திருப்பினாள். திருப்பும்போதே ஏதோ உறுத்தியது. சித்தியின் மிஸ்ட் கோல் ஒருநாளும் சரியாக ஒன்றோடு நின்றதில்லை. சிவப்புப் பொத்தானை அவருடைய கட்டைவிரல் தேடிப் பிடிப்பதற்குள் இரண்டாவது மணி பாதி அடித்துவிடும். இந்த முறை கத்தியால் வெட்டியதுபோல் ஒன்றோடு நின்றிருந்தது.

"என்ன யோசிக்கிறாய்? எடு" என்றார் அப்பா. "பொலிஸ் கார் ஒண்டு உள்ளுக்கை வருது."

பெற்றோல் நிலையத்துக்குள் வந்தது பொலிஸ் அல்ல, டாக்ஸி. ஆனால் அப்பா குகநேசனுக்குக் கூரையில் எதையாவது பூட்டியிருக்கிற வெள்ளைக் கார் எல்லாமே பொலிஸ்தான். வர்சா வண்டியை எடுத்தாள். யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம்.

சித்தி மங்களேஸ்வரி அம்மாவின் தங்கை. அகதி விண்ணப்பத்துக்கு இரண்டு தரம் 'அவ்ஸ்லாக்' என்று மறுப்பு வந்து, நோர்வேயை விட்டுப் போகச் சொன்ன திகதியும் கடந்துபோய், எல்லிங்ஸ்ருட்டில் இவர்களுடைய வீட்டின் உள்ளறையில் இரண்டு வருடமாக ஜன்னல் சீலை விலக்காமல் இருப்பவர். அந்த மனுசியும் கொஞ்சம் காற்றுப் படட்டும் என்றுதான் அப்பா லோறென்ஸ்கூக்கில் சந்திரகுமார் மாமாவிடம் இந்தப் பழைய கரவனை வாங்கினார். ஒக்டோபர் பள்ளி விடுமுறைக்குத் துரொண்ட்ஹைமில் உள்ள சொந்தக்காரர் வீடு வரை போய்வருவது திட்டம். எண்ணம் நல்லதுதான். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அப்பாவின் மூளை.

"காருக்குள்ளை இருந்தா முகத்தைப் பாப்பாங்கள். கரவனை ஆர் திறந்து பாக்கப்போறான்?"

ஓடுகிற கரவனுக்குள் ஆள் இருப்பதே குற்றம், அதைக் கண்டால்தான் பொலிஸ் மறிக்கும் என்று வர்சா எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். "நீ படிச்சனி. படிச்ச ஆக்களுக்குப் பயம் கூட" என்று முடித்துவிட்டார். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். பட்டத்தோடு சம்பளமில்லாத உத்தியோகங்களும் கிடைத்தன. கடிதம் வாசிப்பது, கந்தோர்களுக்குப் போன் எடுப்பது, இப்போது கரவன் இழுப்பதற்கென்று லைசென்ஸ் எடுத்துக் கார் ஓட்டுவது. ஓட்டுவது மட்டும்தான். எங்கே நிற்பது, எப்போது எடுப்பது என்பதெல்லாம் அப்பா.

பெற்றோல் நிலையங்களிலும் அவருடைய ஒழுங்குதான். சித்தி தொப்பி வைத்த குளிரங்கியைப் போட்டுக்கொண்டு தனியாக இறங்குவார், கழிப்பறைக்குப் போவார், தனியாக வந்து ஏறுவார். யாரும் அவருக்காக நிற்பதில்லை, அவரோடு கதைப்பதில்லை. ஏறியதும் ஒரு மிஸ்ட் கோல். வழியில் ஏதும் அவசரமென்றால் இரண்டு. காசும் போகாது, கதையும் வெளியில் கேட்காது. தன் கண்டுபிடிப்பில் அப்பாவுக்கு ஒரு பெருமை இருந்தது.

ஆல்வ்டாலைத் தாண்டியதும் வீதி காட்டுக்குள் புகுந்தது. பின்னேரம்தான், ஆனாலும் வெளிச்சம் கீழிருந்து மேலாக வடிந்துகொண்டிருந்தது. முதலில் வீதி கறுத்தது, பிறகு மரங்களின் அடி, பிறகு நடு. இடப்பக்கம் எங்கோ ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து எழும்பிய பனிப்புகார் தார்மேல் ஊர்ந்து காரின் விளக்கில் பட்டுக் கிழிந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. பின் இருக்கையில் அம்மாவும் பதினைந்து வயது டிலக்சியும் பிஸ்கட் பெட்டியொன்றுக்காகக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது. ஒரு தரம். நின்றது.

"இப்ப ஏன்?" என்றாள் வர்சா.

"நல்லா இருக்கிறன் எண்டு சொல்லுறா" என்றார் அப்பா.

கொஞ்சத் தூரம் போக மறுபடி. ஒன்று. வெட்டியதுபோல. மறுபடி. தன் போனை எடுத்துப் பார்த்த டிலக்சி, "அக்கா, இஞ்சை டெக்னிங் ஒரு கோடும் இல்லை" என்றாள். சிக்னல் இல்லை. பிறகு, "காட்டுக்கை சில நேரம் வந்து வந்து போகும்" என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் மணம் வந்தது. முதலில் அடிப்பிடித்த பால்போல. பிறகு இரும்பும் எண்ணெயும் சேர்ந்து கருகுகிற மணம். கண்ணாடியில் பார்த்தால் கரவன் இடப்பக்கமாகச் சரிந்து, நொண்டுகிற ஆள்போல் விட்டு விட்டு உதைத்தது. வீதியோரத்தில் மரம் ஏற்றுகிற லொறிகளுக்காக வெட்டிவிட்ட சரளைக்கல் நிலம் ஒன்று வந்தது. வர்சா அதில் ஒதுக்கி நிறுத்தினாள்.

இயந்திரம் நின்றதும் அமைதி காதில் வந்து அடித்தது.

இடது சில்லின் நடுமூடி தொடமுடியாத சூட்டில் புகைந்துகொண்டிருந்தது. பெயரிங் எரிந்திருந்தது. வாங்கிய அன்று காரின் நான்கு ரயருக்கும் கரவனின் இரண்டு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியபோது, இந்த இடது சில்லின் கீழிருந்த பழம் மட்டும் நசியாமல் முழுதாகக் கிடந்தது. நோர்வே கடைப் பழம், தோல் தடிப்பு என்று அப்பா அதைக் காலால் தட்டிவிட்டார்.

"ரெட்னிங்ஸ்பீலுக்கு அடிக்கிறன்" என்றாள் வர்சா. "இழுத்துக்கொண்டு போகட்டும்."

"அவன் வந்து கரவனைத் திறக்கச் சொன்னா?"

"சித்தி காருக்குள்ளை வந்து இருக்கட்டும். நாலு பேருக்கு அஞ்சு சீற் இருக்கு, அப்பா. அப்பவும் இருந்தது."

"அவன் பொலிசுக்குச் சொன்னா அவவை நாளைக்கே பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள். அங்கை இப்ப சண்டை. உனக்கு விளங்குதோ, இல்லையோ? நானே பூட்டுவன். ஜாக்கை எடு."

விளங்கியது. அதுதான் எரிச்சல். அப்பா சொல்வதில் பாதி எப்போதும் உண்மையாக இருக்கும், அந்தப் பாதியைக் காட்டி மற்றப் பாதியையும் விழுங்க வைப்பார்.

"ஆளை உள்ளுக்கை வைச்சு ஜாக் அடிக்க ஏலாது. சரிஞ்சா ஆள் போச்சு. முதல்லை சித்தியை இறக்குங்கோ."

அம்மா கரவனின் கதவுக்குப் போய்த் தட்டினார். "மங்களம். இறங்கி வா அம்மா. சில்லுப் போட்டுது."

உள்ளே இருந்து ஒரு தட்டல். ஒன்று மட்டும்.

"மங்களம்?"

ஒன்று.

"ஏன் கதைக்கிறா இல்லை?" என்றாள் வர்சா.

"காலமை தொடக்கம் தடிமன் எல்லோ. தொண்டை அடைச்சுப்போச்சாக்கும்" என்றார் அம்மா.

"பயப்படுறா" என்று ஜாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார் அப்பா. "வீதிக்கரை. கார் போகுது. அவ இருக்கட்டும், என்ன பாரமே?"

சித்தி நாற்பத்தைந்து கிலோ இருக்கமாட்டார். கரவனின் வலது சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு வர்சா இடப்பக்கம் வந்து குந்தினாள். ஜாக் சரளைக்குள் புதைந்தது. அம்மாவின் மரக்கறி வெட்டுகிற பலகையை அதன் கீழே கொடுத்தார்கள். அப்பா கைப்பிடியைச் சுழற்றினார். கரவன் முனகி எழும்பியது. சில்லு நிலத்தை விட்டபோது உள்ளே யாரோ நடந்தார்கள்.

பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு. மெதுவாக. ஒவ்வொரு அடிக்கும் கரவன் முழுவதும் தாழ்ந்து எழும்பியது. ஜாக்கின் தலை பலகையை அழுத்தி, பலகை வெடிக்கிற சத்தம் கேட்டது.

"அசையவேண்டாம் எண்டு சொல்லு" என்றார் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு.

"சித்தி, நடக்காதேங்கோ" என்றாள் வர்சா.

தட்டல் ஒன்று. அவள் குந்தியிருந்த இடத்துக்கு நேரே, சுவருக்கு அந்தப் பக்கம், அவளுடைய முகத்தின் உயரத்தில்.

அவள் எழும்பினாள். உள்ளே தரைப்பலகை கிறீச்சிட்டது. பின்பக்கம் போனாள், கிறீச்சும் பின்பக்கம் வந்தது. நின்றாள். நின்றது. வலப்பக்கமாகச் சுற்றி வந்தாள். பாரம் அவளோடு குறுக்காக நடந்து வந்து வலப்பக்கச் சுவரில் சாய்ந்ததைக் கரவனின் சரிவில் கண்டாள். பிளாஸ்டிக் ஜன்னலின் ஓரத்தில் ரப்பர் கிழிந்த இடத்தால் ஒரு மணம் கசிந்தது. சித்தி பூசுகிற தைல மணம் அல்ல. கனகாலம் கிண்டாத மண். தேங்கிய தண்ணீர். முளைவிட்ட உருளைக்கிழங்குச் சாக்கைத் திறந்ததுபோல.

"சந்திரகுமார் மாமா இதை ஏன் வித்தவர்?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"ஆர் கண்டது. ஆரோ கிழவன்ரை காட்டு வளவுக்கை கனகாலம் நிண்டதாம். இவையள் ஒரு இரவுதானாம் படுத்தவை. பிள்ளையளுக்குச் சரிவரேல்லையாம்." அம்மா பிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினார். "மத்தியானம் தொடக்கம் அவள் ஒண்டும் குடிக்கேல்லை. டிலக்சி, இதைச் சித்திக்குக் குடு. கொஞ்ச நேரம் அவவோடை இரு, பாவம்."

"பொறுங்கோ அம்மா" என்றாள் வர்சா.

"ஏன்?"

ஒரு மணி அரைவாசி குறைவாக அடித்தது என்றா சொல்வது? படித்த பிள்ளை.

டிலக்சி கோப்பையோடு கதவைத் தட்டினாள். உள்ளே கொளுக்கி விலகுகிற சத்தம். கதவு ஒரு ஆள் பக்கவாட்டாக நுழைகிற அளவுக்குத் திறந்தது, அவளை எடுத்தது, மூடியது. கொளுக்கி மறுபடி விழுந்தது.

"லைட்டைப் போடுங்கோவன் சித்தி, நல்ல இருட்டு" என்று டிலக்சியின் குரல் கேட்டது. அப்பா வெளியிலிருந்து, "லைட் வேண்டாம்" என்றார்.

சில்லைக் கழற்றி எடுத்தாயிற்று. உள்ளே பெயரிங் நீலம் பாரித்து உடைந்து கிடந்தது. "கிறீஸ் இருந்தா மெல்ல உருட்டிக்கொண்டு போயிடலாம்" என்றார் அப்பா. கிறீஸ் இல்லை. "தேங்காயெண்ணெய்ப் போத்திலைத் தாரும்" என்றார் அம்மாவிடம்.

வர்சா சிரித்துவிட்டாள். சிரிப்பு நல்லதாக வரவில்லை.

"அப்பா, எண்ணெய் இந்தக் குளிரிலை கட்டிபட்டுப் போச்சு. இது பெயரிங், புட்டில்லை."

"வாயைக் குறை. எரிக்கவேண்டியது, உருக்கவேண்டியது. லைட்டரைத் தா."

"அக்கா" என்று உள்ளேயிருந்து டிலக்சி கூப்பிட்டாள். "சித்தி எனக்குத் தலை இழுத்துவிடுறா."

"இருட்டுக்கையோ?"

"ஓம். சீப்பு இல்லை. கையாலை."

தினமும் பின்னேரம் வீட்டில் இதற்கு ஒரு சண்டை நடக்கும். உச்சி நேராகப் பிரிபடும் வரை சித்தி விடமாட்டார், இழுத்த இழுப்பில் டிலக்சி கத்துவாள். இப்போது கத்தவில்லை.

"சித்தி இண்டைக்கு நோகாமல் இழுக்கிறா" என்றாள் டிலக்சி, நித்திரை கலந்த குரலில். "கைதான் நல்லாக் குளிருது."

போதும், என்று நினைத்தாள் வர்சா. அப்பாவின் சட்டம் போதும். போனை எடுத்தாள். கோடு இல்லை. வீதி வளைந்து ஏறுகிற மேட்டுக்குப் போனால் கிடைக்கலாம். "எங்கை போறாய்?" என்று அப்பா கேட்கக் கேட்க மேட்டைப் பார்த்து நடந்தாள். பின்னால் அவர் என்னவோ பேசினார். புகார் அதை விழுங்கியது. ரோச் வெளிச்சம் காலடியைத் தாண்டிப் போகவில்லை. தன் சப்பாத்து சரளையில் நொறுங்குகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, இழுவை வண்டிக்காரனுக்குச் சொல்லவேண்டிய பொய்யை நோர்ஸ்க் மொழியில் அடுக்கிக்கொண்டு ஏறினாள். என் தங்கையும் சித்தியும் காரில்தான் வந்தார்கள். கரவனில் யாரும் இல்லை. கரவனில் யாரும் இல்லை.

மேட்டில் ஒரு கோடு வந்தது. இரண்டு.

அவள் இலக்கத்தை அழுத்தும் முன்பே போன் அடித்தது. தெரியாத இலக்கம். ஒன்று, இரண்டு, மூன்று. நிற்கவில்லை. எடுத்தாள்.

முதலில் மூக்கடைத்த மூச்சு மட்டும். பிறகு அழுது கரகரத்த குரல்.

"வர்சா... நான் சித்தி."

கீழே கரவனின் வெள்ளை, புகாருக்குள் பல்போல் தெரிந்தது.

"சித்தி, எங்கை நிக்கிறியள்?"

"அங்கைதான் மோளே. பெற்றோல் அடிச்ச இடத்திலை. நான் கழிப்பறையாலை வர நீங்கள் இல்லை. மறதியா விட்டிட்டியள், திரும்பி வருவியள் எண்டு பின்னாலை குப்பைத்தொட்டியடியிலை நிண்டனான். குளிர் தாங்கேலாமல் இப்பதான் துணிஞ்சு உள்ளுக்கை வந்து இந்தப் பெட்டையிட்டைப் போன் கேட்டனான். கோவிக்காதை. உன்ரை நம்பர் ஒண்டுதான் மனப்பாடம்."

"மிஸ்ட் கோல் தந்தியளே."

"நானோ? என்னட்டைப் போன் எங்கை இருக்கு? அது கரவனுக்கை, தலகாணிக்குக் கீழை. வர்சா, கேக்குதோ? கடை பூட்டப்போகினமாம். பொலிசுக்குச் சொல்லட்டோ எண்டு கேக்கிறாள். நான் என்ன சொல்ல? வர்சா?"

அவள் ஓடிக்கொண்டிருந்தாள். காதில் இருந்த குரல் துண்டு துண்டாகி, கரகரத்து, அறுந்தது. கோடு இல்லை. சரளை. மூச்சு. இடறி விழுந்தாள். உள்ளங்கை கிழிந்தது. எழும்பினாள்.

அப்பா சில்லை ஏற்றிவிட்டார். ஜாக்கை இறக்கிக்கொண்டிருந்தார். எரிந்த தேங்காயெண்ணெய் மணந்தது.

"டிலக்சி" என்றாள். கத்த நினைத்தாள். காற்றுத்தான் வந்தது.

கதவை இழுத்தாள். கொளுக்கி. இரண்டு கையாலும் இழுத்தாள். காலால் உதைத்தாள். உள்ளே ஒரு தட்டல்.

ஒன்று.

"என்ன பிள்ளை செய்யிறாய்? உடையப்போகுது" என்றார் அப்பா மறுபக்கத்திலிருந்து. அம்மா காரின் கதவைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த பிளாஸ்க் மூடியை நழுவவிட்டார். அது சரளையில் உருண்டு போய் நின்றது.

வர்சா ஜன்னலுக்கு ஓடினாள். ரோச்சை அடித்தாள். சீலை யாரோ விலக்கிவிட்டதுபோல் ஒதுங்கியிருந்தது.

டிலக்சி ஜன்னலோடு முகத்தை வைத்து இருந்தாள். கண் திறந்திருந்தது. அக்காவைப் பார்த்தது. வாய் மூடியிருந்தது. அவளுடைய மூச்சு பிளாஸ்டிக்கில் படியவேண்டிய இடத்தில் எதுவும் படியவில்லை. தலை வாரி இரண்டாகப் பிரித்துப் பின்னப்பட்டிருந்தது, இதுவரை ஒருநாளும் இல்லாத நேர்த்தியோடு. பின்னாலிருந்து ஒரு விரல் உச்சியைப் பிரித்துக்கொண்டு வந்தது. ஒரு விரலுக்கு இருக்கவேண்டிய நீளத்தைவிட நீளமான விரல். மெதுவாக. நேராக.

கையில் இருந்த போன் அடித்தது. கோடு இல்லாத போன். சித்தியின் இலக்கம். ஒன்று. நின்றது.

மறுபடி அடித்தது.

டிலக்சியின் இலக்கம்.

ஒன்று. வெட்டியதுபோல.

"ஆ, வந்திட்டுது" என்றார் அப்பா, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தபடி. "ரெண்டு பேரும் இருந்திட்டினம். எடு பிள்ளை, போவம்."

விரல் நெற்றி விளிம்புக்கு வந்தது. கூந்தல் அங்கே முடிந்தது.

விரல் நிற்கவில்லை.